போதும் என்று சொல்கிற வேலை

மேகம் கூடினால் பயப்படுகிற ஒரே ஆள் எங்கள் பக்கத்தில் வேதகிரிதான். மற்றவர்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். கிணறு வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் வேலை போச்சு. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடி வழியே போனால் அந்த வருஷம் எவன் கிணற்றை ஆழப்படுத்தப் போகிறான்?

டீக்கடையில் இதை வைத்தே அவரைச் சீண்டுவார்கள். "இன்னா வேதகிரி, மேக்கால கறுத்துக்கினு வருதே, ஒனக்கு வவுத்தால போவுதா?" என்பார்கள். அவர் வலது காதைத் திருப்பி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். இடது காது கிணற்று வெடிச் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது. சிரித்தாலும் அந்தக் கேலியில் பொய் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மழை வேண்டாம் என்று நினைக்கிறவன் கோயிலில் போய் நின்று என்னத்தைக் கேட்பது என்று ஒருநாள் சொன்னார். பதில் எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் அப்பா ஒரே நிலத்துக்காரர் வீட்டில் கடைசிவரை படியாளாக ஏர் ஓட்டிச் செத்தவர். அந்த வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதற்காகவே, மீசை முளைக்கிற வயசில், உத்திரமேரூர்ப் பக்கம் வந்திருந்த ஒரு கிணறு வெட்டுக் கூட்டத்தோடு வேதகிரி போய்விட்டார். அவர் வேலை பழகி முடிக்கவும் வயல்வெளியில் கரண்ட் கம்பங்கள் நடவும் சரியாக இருந்தது. மாடு கட்டிப் பகலெல்லாம் இறைத்த கிணற்றை மோட்டார் காலைச் சாப்பாட்டுக்குள் குடித்துத் தீர்த்தது. கிணறு கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஒருவர் கிணறு இறங்கினால் பக்கத்து நிலத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். தண்ணீர் இறங்கிய வீட்டுக்காரர் சண்டைக்குப் போக மாட்டார், வேதகிரிக்கு ஆள் அனுப்புவார். சில கிணறுகளில் அவர் மூன்று தடவை இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், முன்பு தன் கையாலேயே சமன் செய்துவிட்டு வந்த தரையில் காலை வைத்து, அதையே மறுபடி உடைக்க ஆரம்பித்தார்.

குறை சொல்வதற்கில்லை. அன்றன்றைக்குக் கையில் கூலி. யார் வீட்டுத் தொழுவமும் கூட்ட வேண்டாம். ஊருக்கு வெளியே இருந்த காலனியில் முதலில் ஓடு போட்ட வீடுகளில் அவருடையதும் ஒன்று. மகளைக் கூரத்தில் கட்டிக் கொடுத்தார். மனைவி மலர்க்கொடியும் அவரோடு கல் சுமக்கப் போனாள். அவள் தம்பி முனியனும் வேறு சில ஆட்களும் சேர்ந்து ஒரு கூட்டமாயிற்று. வேதகிரி மேஸ்திரி ஆனார்.

கிணறு வெட்டில் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஊற்று தெரிந்ததும் வேலை நின்றுவிடும். எல்லோரும் மேலே ஏறி வந்துவிட, மேஸ்திரி மட்டும் அடியில் இருப்பார். பாறை இடுக்கில் கசிகிற முதல் தண்ணீரை அவர் கையில் பிடித்துக் குடிப்பார். குடித்துவிட்டு, 'இன்னும் கீது' என்று குரல் கொடுத்தால் தொடர்ந்து வெட்டலாம். 'போதும்' என்று சொல்லிவிட்டால் அந்த வருஷம் அந்தத் தரையில் யாரும் கடப்பாரை போட மாட்டார்கள். மீறிப் போட்டால் ஊற்று கண்ணை மூடிக்கொள்ளும் என்று பயம். போதும் என்று கேட்டதும் நிலத்துக்காரர் மேலே நின்று கற்பூரம் காட்டுவார், கயிற்றில் புது வேட்டி இறங்கி வரும். காலனிக்காரர் வாய் வைத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் ஊருக்கு. அடுத்த நாளிலிருந்து அதே கிணற்றங்கரையில் அவர் குடத்தோடு போய் நிற்க முடியாது. இதில் ஏதோ இடிக்கிறது என்று யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை.

எண்பத்திரண்டில் ஐப்பசி கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. சித்திரையில் ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. காலனியில் ஆண்களும் பெண்களும் வேப்பமர நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தினம் உலை கொதித்தது வேதகிரியோடு வேலைக்குப் போன வீடுகளில் மட்டும்தான். எல்லோருடைய கிணறும் காய்ந்துகொண்டிருந்ததால் அவருக்கு ஓய்வே இல்லை.

காலனிக்கு ஒரே கிணறு. எப்போதோ சர்க்கார் வெட்டிக் கொடுத்தது. அந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் இருந்தது. விடிகாலையில் இறைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் திரும்ப ஊறிவிடும். பெண்கள் வரிசை வைத்து இறைத்தார்கள். அந்தக் கிணற்றுக்கு வடக்கே ஒரு வயல் தள்ளி சடையப்பனின் கிணறு.

அந்தச் சடையப்பனிடமிருந்துதான் ஆள் வந்தது.

கூலியை இழுத்தடிக்காத மனுஷர் சடையப்பன். அந்த வருஷம் கரும்பு போட்டிருந்தார். கரும்பு நுனி கருக ஆரம்பித்திருந்தது. வேதகிரி போய்க் கிணற்று விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தார். அடியில் குடத்தைச் சாய்க்கிற அளவுக்குக் கலங்கல். நிமிர்ந்தால் எதிரே காலனிக் கிணற்றின் ராட்டினம் தெரிந்தது. அங்கே பெண்கள் ஒருத்தி ஒருத்தியாக இழுப்பதும் தெரிந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மலர்க்கொடி முறத்தில் இருந்த சோளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கெணத்த எறக்கினா நம்ம கெணறு இன்னா ஆவும்?"

"தெரியாத மாரி கேக்கற."

"தெரிஞ்சிதான் கேக்கறேன்."

தான் போகாவிட்டால் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூட்டம் ஒன்று உத்திரமேரூரில் வந்து டேரா போட்டிருக்கிறது, அவர்கள் இறங்குவார்கள், அவர்களுக்குக் காலனிக் கிணறு இருப்பதே தெரியாது என்றார் வேதகிரி. நம் ஆட்களின் கூலியும் போகும், தண்ணீரும் போகும். மலர்க்கொடி முறத்தைத் தட்டி ஒரு கல்லை எடுத்து வெளியே வீசினாள்.

காலையில் அவர் சடையப்பனிடம் வேறொரு பேச்சோடு போனார். அதை யோசித்துக்கொண்டே இரவெல்லாம் புரண்டிருக்க வேண்டும். களத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. இதே ஆளுங்க, இதே கூலி. கெணத்துக்குள்ள போடற வேலைய ஏரிக்குள்ள போட்டா இன்னா? இப்பதான் காஞ்சி கெடக்குது. மண்ண வாரிட்டு, வரத்துக் கால்வாய ஒயுங்கு பண்ணி வுட்டுட்டா, மய வந்தா தண்ணி நிக்கும். எல்லாக் கெணறும் தன்னால ஊறும்."

சடையப்பன் சிரித்து ஒதுக்கவில்லை. அவரும் இதை நினைத்துப் பார்த்தவர் போலத்தான் பேசினார்.

"எனக்குத் தெரியாதாடா? எங்க நைனா காலத்துல ஏருக்கு ஒரு ஆளுன்னு கோடையில ஏரிக்கு மண்ணு வார அனுப்பினாங்க. இப்ப எவன் அனுப்பறான்? பேங்குல கெணத்துக்கு லோன் குடுக்கறான், ஏரிக்கா குடுக்கறான்? ஏரில மண்ணு வாரினா ஊருக்கே தண்ணி. ஊருக்கே வர்ற தண்ணிக்கு நான் ஒருத்தன் இன்னாத்துக்கு லோன் கட்டணும்? அது கெடக்கட்டும். மய வர்ற வரைக்கும் எங் கரும்பு நிக்குமா, அத்தச் சொல்லு."

திரும்பி நடந்த வேதகிரியைச் சடையப்பன் கூப்பிட்டார். கோபத்தில் கூப்பிடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் போலிருக்கிறது.

"சரி, ஏரிய ஒயுங்கு பண்ணியாச்சி, எல்லாக் கெணறும் ரொம்பிடுச்சின்னே வச்சிக்க. அப்பால நீ இன்னா வேலைக்குப் போவ?"

அந்தக் கேள்வியை வேதகிரி காலனி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். முனியனிடம் சொன்னார். முனியனுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா மாமா, மண்ணு அள்றதே வேலதான. வருஷா வருஷம் ஏரிக்கு மண்ணு வந்துகினேதான் கீது, வருஷா வருஷம் அள்ளிக்கினே கெடக்கலாம். ஆயுசுக்கும் தீராத வேல. கூலி குடுக்கத்தான் ஆளக் காணோம்" என்றான். அப்புறம், "கெணத்துக்கு எப்ப எறங்கறோம்?" என்றான்.

இரண்டு நாள் கழித்து இறங்கினார்கள்.

பாறை வெட்டு என்பது பெரும்பாலும் காத்திருப்புதான். சம்மட்டியால் உளிக்கம்பியை அடித்து அடித்துக் குழி போட வேண்டும். குழியில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்து ஏறிவிட வேண்டும். வெடித்த பிறகு நெடி அடங்கும்வரை மேலே குந்தியிருக்க வேண்டும். பிறகு கூடை கூடையாகக் கல் மேலே வரும். கீழே இருக்கிறவருக்கு வானம் ஒரு தட்டு. வேலை நடக்க நடக்கத் தட்டு சின்னதாகும். ஒவ்வொரு வெடிக்கும் காலனிக் கிணற்றங்கரையில் இருந்த பெண்கள் ஒரு நிமிஷம் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்கள். வீட்டுக்குள் அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று உரசின. சாயங்காலம் திரும்பி வந்ததும் வேதகிரி காலனிக் கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் அப்படியே இருந்தது.

ஒருநாள் முற்பகலில் வடக்குச் சுவரின் அடியில் பாறை வியர்த்தது. பிறகு விரல் கனத்துக்கு ஒரு கசிவு. சுமாரான ஊற்று, மோட்டார் ஒரு மணி நேரம் ஓடும், அதற்கு மேல் தாங்காது. இன்னும் இரண்டு ஆள் ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும். எங்கேயிருந்து வந்து கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆட்களை மேலே அனுப்பினார். கையை ஏந்திப் பிடித்துக் குடித்தார்.

"போதும்" என்றார்.

விளிம்பில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"நெசமாவாடா?" என்று சடையப்பன் குரல் வந்தது.

"போதுங்க ஐயா."

சற்றுப் பொறுத்துத்தான் கற்பூரம் எரிந்தது. வேட்டி இறங்கி வந்தது.

கூட்டத்தில் இருந்த யாரும் ஏமாறவில்லை. இன்னும் பல நாளைக்கு வேலை இருக்கிறது என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். கூடவே வந்த முனியன், வேதகிரி வீட்டு வாசலில் அக்காளை வைத்துக்கொண்டே பேசினான்.

"நீ இன்னாத்துக்குப் போதும்னியோ அது எனக்குத் தெரியும் மாமா. கெணறு ஒனக்கு மட்டுமில்ல, எங்களுக்கும்தான். ஆனா எம் புள்ளிங்க வெறும் தண்ணியக் குடிச்சிக்கினு எத்தினி நாளு கெடக்கும்?"

வேதகிரி இடது காதை அவன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சடையப்பன் வாக்கை மீறவில்லை. மேஸ்திரி போதும் என்று சொன்ன தரையில் அவர் கடப்பாரை போடவில்லை. ஆனால் பாதிக் கரும்புக்குக் கூடத் தண்ணீர் எட்டவில்லை. யாரோ செங்கல்பட்டில் சைடு போர் போடுகிற ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். கிணற்றுக்குள்ளே சுவரில் மெஷினைப் பூட்டி, பக்கவாட்டில் துளை போட்டுக்கொண்டே போய் ஊற்றைப் பிடிக்கிறதாம். சடையப்பன் ஊரில் பெரியவர்களைக் கேட்டார். அவர்கள் யோசித்துப் பார்த்து, கீழே தோண்டக் கூடாது என்றுதான் முறை, பக்கத்தில் துளைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை என்றார்கள். உண்மைதான். அப்படி ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்?

மெஷின்காரர் பாண்டுரங்கன் லாரியில் வந்து இறங்கினார். அவரோடு வந்தது இரண்டே ஆள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றார். முனியன்தான் முதலில் போனான், பின்னாலேயே மற்றவர்களும். வேதகிரி வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். அரை நாள்கூட உட்கார முடியவில்லை. தான் உள்ளே இருந்தால் வடக்குப் பக்கமாகக் காட்டிவிடலாம், தெற்கே நம் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மலர்க்கொடியிடம் சொன்னார். அவள் கூழைக் கரைத்து முன்னால் வைத்தாள். "குடிச்சிட்டுப் போ" என்றாள்.

கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் குறுக்கே பலகை கட்டி, அதில் காலை நீட்டி உட்கார்ந்து சுற்ற வேண்டும். கம்பி ஒரு முழம் உள்ளே போனதும் இன்னொரு கம்பியை முறுக்கிச் சேர்ப்பார்கள். ஊற்று வடக்கிலிருந்துதான் வருகிறது என்றார் வேதகிரி. வடக்கே போட்டார்கள். வெறும் கல்பொடி வந்து மூக்கில் ஏறியது. அப்படியானால் மேற்கே பார்க்கலாம் என்றார். மேற்கே கொஞ்சம் ஈரம் காட்டியது, பிறகு அதுவும் இல்லை. மூன்றாம் நாள் பாண்டுரங்கன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, நீ ஊத்தக் காட்டறியா, ஒளிச்சி வைக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முனியனும் சிரித்தான். ஆனால் அவன் வேதகிரியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாண்டுரங்கன் ஒரு கரித்துண்டை எடுத்துத் தெற்குச் சுவரில் பெருக்கல் குறி போட்டார்.

வேதகிரி ஏறிப் போயிருக்கலாம். படிக்கல் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. ஏறினால் அவர் இடத்தில் இன்னொரு ஆள் வந்து உட்காருவான். மேலே கரையில் கூலி கேட்டு நின்றவர்களும் காலனி ஆட்கள்தான். அவர் ஏறிப் போவதால் கைப்பிடி நின்றுவிடப் போவதில்லை, அதைச் சுற்றுகிறவர்களில் ஒருவர் மட்டும் மாறுவார். இதையெல்லாம் அவர் அப்போது நினைத்தாரா, பின்னால் நினைத்துக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. கேட்டதற்கு, "ஏறலாம். ஏறி எங்க போறது?" என்று மட்டும் சொன்னார். மெஷின் தெற்குச் சுவருக்கு மாறியது. அவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து சுற்றினார். கம்பி தன் காலனியைப் பார்த்து, வயலுக்கு அடியில், ஒரு முழம் ஒரு முழமாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே அதே நேரத்தில் ராட்டினம் கிறீச்சிடுவது வலது காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் கம்பி திடீரென்று இலகுவாயிற்று. உருவியபோது கை மொத்தத்துக்குத் தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்தது. ஆட்கள் நனைந்துகொண்டே கத்தினார்கள். சடையப்பன் மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடிடா வேதகிரி, நீ குடி மொதல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குடித்தார். வீட்டுப் பானைத் தண்ணீரின் ருசி. போதுமா என்று இந்தத் தடவை அவரை யாரும் கேட்கவில்லை.

மோட்டார் ராத்திரி பகல் ஓடியது. கரும்பு ஒரு வாரத்தில் பச்சை கட்டியது. சடையப்பன் மேஸ்திரிக்கு என்று தனியாக ஒரு வேட்டி கொடுத்தனுப்பினார். அது வீட்டில் கொடியிலேயே கிடந்தது.

காலனிக் கிணற்றில் முதலில் கயிறு எட்டவில்லை. மலர்க்கொடி வீட்டுக்குள் வந்து, மூலையில் கிடந்த வேலைக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். எடுக்கட்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை. கொண்டுபோய் வாளிக் கயிற்றோடு முடிச்சுப் போட்டாள். இரண்டு நாள் அது போதுமாக இருந்தது. பிறகு வாளியில் சேறு வந்தது. பிறகு வாளி கல்லில் போய் இடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பெண்கள் சடையப்பன் வயலில் மோட்டார் கொட்டுகிற தொட்டிக்குச் சற்றுத் தள்ளிக் குடத்தோடு நின்றார்கள், யாராவது வந்து மொண்டு ஊற்றுவார்கள் என்று. சில நாள் ஊற்றினார்கள்.

ஒருநாள் காலை முனியன் பெண்சாதி கோவிந்தம்மாள் முன்னால் வர, காலனியில் பாதிப் பேர் வேதகிரி வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்கு என்று அவர் நினைத்தார். எழுந்து நின்றார். அவர்கள் சண்டை போடவில்லை. காலனிக் கிணற்றை ஆழப்படுத்த வீட்டுக்கு ஒரு ஆள் கூலி இல்லாமல் வருவதாகப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். கல் சுமக்கிறவர்கள் யார், கயிறு இழுக்கிறவர்கள் யார் என்றுகூடப் பிரித்தாகிவிட்டது. காலனியில் எல்லோரும் கூலி இல்லாமல் ஒரு வேலைக்கு நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தனை பேர் ஏரிக்குள் இறங்கியிருந்தால் என்று ஒரு கணம் மனசுக்குள் ஓடியிருக்கலாம். கையில் குடத்தோடு நிற்கிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

"எப்ப எறங்கறண்ணா?" என்றாள் கோவிந்தம்மாள்.

காலனிக் கிணறு இறங்கினால் சடையப்பனின் துளையில் தண்ணீர் மெலியும். மெலிந்தால் சடையப்பன் யாருக்கு ஆள் அனுப்புவார் என்று வேதகிரிக்குத் தெரியும். மலர்க்கொடிக்கும் தெரியும். அவள் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லேன்" என்றாள். எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு" என்றார்.

முனியன் உளிகளை எடுத்துத் தரையில் பரப்பி, முனை மழுங்கியதைத் தனியாக வைத்தான். மருந்து இல்லையே, அதை வெடிக்க வைக்கிற கேப்பும் இல்லையே என்று கேட்டான். அவனே யோசித்தான்.

"சடையப்பன் ஐயா வூட்டுல மிச்சம் கீது மாமா. நம்ம வேலைக்கு வாங்கினதுதான். போய்க் கேட்டா குடுப்பாரு."

"கேட்டு வாங்கிக்கினு வா" என்றார் வேதகிரி.

சடையப்பன் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. சணல் பையில் போட்டுக் கொடுத்தவர், வேலை முடிந்ததும் மேஸ்திரியை ஒரு தடவை வந்து பார்க்கச் சொல் என்று முனியனிடம் சொல்லி அனுப்பினார்.